காலியாக ஓடும் ரயிலை நிறுத்துவதா, நிரப்புவதா? கும்மிடிப்பூண்டி பாதை சொல்லும் கணக்கு

மாலை நேரத்தில் சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து வடக்கே போகும் மின்சார ரயிலில் ஏறியவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். மீஞ்சூர் வரை நிற்க இடம் கிடைச்சாலே பெரிய விஷயம். பொன்னேரியில் ஒரு கூட்டம் இறங்கும். கும்மிடிப்பூண்டியில் மிச்சம் இருப்பவர்களில் பெரும்பாலானோர் இறங்கிவிடுவார்கள். அதே ரயில் சூலூர்பேட்டை வரை போவதாக இருந்தால், எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டும்போது ஒரு சீட்டில் காலை நீட்டியே உட்காரலாம்.

கணக்குப் பார்ப்பவர்களுக்கு அந்தக் கடைசி 35 கிலோமீட்டர் வெட்டிச் செலவு. எளாவூரில் இறங்கும் ஒருவருக்கு அதுதான் வேலை, அதுதான் வீடு. ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கு. அப்போ, கூட்டம் குறைவான ரயில் பாதைகளை என்ன செய்வது? நிறுத்துவதா, நஷ்டத்தோடு ஓட்டுவதா, வேறு வழி இருக்கா? திருவள்ளூர் மாவட்டத்தில் ஆரம்பித்து, தமிழ்நாட்டின் சில பாதைகளை வைத்துப் பார்க்கலாம்.

'கூட்டம் இல்லை' என்றால் என்ன அர்த்தம்?

ஒரு ரயில் காலியாக ஓடுகிறது என்றால், அந்த ஊர்க்காரர்களுக்கு ரயில் தேவையில்லை என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, அந்தப் பக்கம் ஆட்களே குறைவு. இரண்டு, ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் போகும் நேரத்துக்கு ரயில் இல்லை. மூன்று, நேரம் சரி, ஆனால் ஸ்டேஷனிலிருந்து வேலையிடம் வரை போக வழியில்லை.

மூன்றுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றேதான்: காலி சீட்டு. ஆனால் மருந்து வேறு வேறு. முதலாவதுக்கு ரயிலைவிட நல்ல பஸ் போதுமானதாக இருக்கலாம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ரயிலை நிறுத்துவது வியாதியை விட்டுவிட்டு நோயாளியை வெளியேற்றுவது மாதிரி.

கும்மிடிப்பூண்டி: ஆள் இருக்கு, நேரம் இல்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கு ஆலைகள் தொடங்கி பல வகைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. மேற்கே தேர்வாய் கண்டிகையில் இன்னொரு சிப்காட். எல்லை தாண்டினால் ஆந்திராவின் தடா, அதை ஒட்டி ஸ்ரீசிட்டி. அதற்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு இறங்கும் சூலூர்பேட்டை. வேலைக்குப் போகும் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லாத பகுதி இது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் எனப் பல மாநிலத் தொழிலாளர்கள் இங்கே தங்கி வேலை பார்க்கிறார்கள்.

ஆனாலும் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே புறநகர் ரயில்கள் அரிது. தாம்பரம் பக்கம் ஒரு ரயிலை விட்டால் அடுத்தது சில நிமிடங்களில் வரும். இங்கே ஒன்றை விட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆலைகளில் பலவும் காலை 6, மதியம் 2, இரவு 10 என ஷிஃப்ட் கணக்கில் ஓடுகின்றன. ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு ரயில் இல்லையென்றால், மாதம் முழுக்க அந்த ஆள் ரயிலை நம்ப மாட்டார். கம்பெனி பஸ், பைக், இல்லையென்றால் ஆலைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்குவது என்று போய்விடுவார். ஒரு நாளைக்கு ஒருமுறை ரயில் ஏமாற்றினாலே போதும், சீசன் டிக்கெட் வீண்.

ரயிலைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடாதா? இங்கேதான் சிக்கல். சென்னை – கூடூர் பாதை வெறும் புறநகர்ப் பாதை கிடையாது. விஜயவாடா, ஹவுரா, டெல்லி என வடக்கே போகும் எக்ஸ்பிரஸ்கள் பலவும் இதே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. எண்ணூர் காமராஜர் துறைமுகம், வடசென்னை அனல்மின் நிலையம், மணலி சுத்திகரிப்பு ஆலை ஆகியவற்றின் சரக்கு ரயில்கள் வேறு. அத்திப்பட்டு வரை கூடுதல் பாதைகள் உண்டு. அதற்கு வடக்கே போக ஒன்று, வர ஒன்று, அவ்வளவுதான்.

இந்தப் பாதை எவ்வளவு நெருக்கடியில் ஓடுகிறது என்பதை 2024 அக்டோபர் 11 இரவு எல்லோரும் பார்த்தோம். மைசூரு – தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், கவரப்பேட்டையில் மெயின் லைனில் போக வேண்டியது லூப் லைனுக்குள் நுழைந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. அந்த ஒரு விபத்தில் எக்ஸ்பிரஸ், சரக்கு, புறநகர் என மூன்று வகைப் போக்குவரத்தும் சேர்ந்து முடங்கியது. மூன்றுக்கும் பாதை ஒன்றுதானே.

ஆக, எளாவூர் பக்கம் ரயில் காலியாக இருப்பதற்கும் தண்டவாளம் நிரம்பி வழிவதற்கும் தொடர்பு இருக்கிறது. தண்டவாளத்தில் இடமில்லாததால் ரயில் குறைவு. ரயில் குறைவாக இருப்பதால் ஆள் குறைவு. ஆள் குறைவு என்பதால் ரயில் கூடுவதில்லை.

அண்ணா நகர்: நாலே வருஷத்தில் முடிந்த கதை

இந்தச் சுழல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. வில்லிவாக்கத்திலிருந்து பிரிந்து அண்ணா நகருக்கு ஒரு குட்டிக் கிளைப் பாதை இருந்தது. 2003-ல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கி, 2007-ல் நின்றுபோனது. போதிய பயணிகள் வரவில்லை என்பது ஒரு காரணம். பாடி மேம்பாலப் பணியும் குறுக்கே வந்தது.

அண்ணா நகரில் ஆட்கள் இல்லையா என்ன? 2017 மே மாதம் திருமங்கலம், அண்ணா நகர் வழியாக மெட்ரோ சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. அதே பகுதி, அதே மக்கள். மெட்ரோ சில நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, கிளைப் பாதையிலோ ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ரயில்கள். டைம் டேபிள் பார்த்துத்தான் போகணும் என்ற நிலை வந்ததும் நகரத்துப் பயணி பஸ்ஸுக்கு மாறிவிடுகிறார்.

பறக்கும் ரயிலும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தது. 1997-ல் மயிலாப்பூர் வரை வந்தபோது பிரம்மாண்டமான ஸ்டேஷன்கள் காலியாகக் கிடந்தன. 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி என நீண்ட பிறகு, ஐ.டி. நிறுவனங்களின் பழைய மகாபலிபுரம் சாலைக்கு அது வழியானது. கூட்டமும் வந்தது. அதை 1990-களின் கணக்கை வைத்தே மூடியிருந்தால்?

திருவாரூர் – காரைக்குடி: கேட் கீப்பரும் ரயிலிலேயே

மாவட்டத்தைத் தாண்டிக் கொஞ்சம் டெல்டா பக்கம் போவோம். திருவாரூர் – காரைக்குடி மீட்டர்கேஜ் பாதை, அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2012-ல் மூடப்பட்டது. சுமார் 150 கி.மீ. தூரத்துக்கும் பயணிகள் ரயில் மறுபடி ஓடியது 2019 ஜூனில். ஏழு வருஷக் காத்திருப்பு.

வந்த ரயிலோ, அந்தத் தூரத்தைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. காரணம், வழியில் இருந்த ஏராளமான லெவல் கிராஸிங்குகளுக்குக் கேட் கீப்பர்கள் நியமிக்கப்படவில்லை. ரயிலிலேயே ஊழியர்கள் வந்தார்கள். ஒவ்வொரு கேட்டிலும் ரயில் நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டை மூடுவார். ரயில் கடந்து நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்வார். இதே வேலை அடுத்த கேட்டிலும்.

பட்டுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்கு அதைவிட வேகமாகப் பஸ் போகும்போது, யார் அந்த ரயிலில் ஏறுவார்? ஏறவில்லை என்பதும் கணக்கில் 'போதிய வரவேற்பு இல்லை' என்றுதானே பதிவாகும்?

இந்தப் பாதையின் நிலை மாறத் தொடங்கியது, நெடுந்தூர ரயில்கள் வந்த பிறகு. 2023 ஏப்ரல் 8 அன்று பிரதமர் தொடங்கிவைத்த தாம்பரம் – செங்கோட்டை எக்ஸ்பிரஸ் இந்த வழியாகப் போகிறது. எர்ணாகுளம் – வேளாங்கண்ணி ரயிலும் இதே வழி. போடிநாயக்கனூர் பாதையிலும் அதே பாடம். 2010 முடிவில் மூடப்பட்ட மதுரை – போடி பாதையில் 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் ரயில் வந்தது. மதுரை வரை மட்டும் ஓடும் ரயிலோடு நிற்காமல், சென்னை சென்ட்ரல் எக்ஸ்பிரஸையும் போடி வரை நீட்டினார்கள். கிளைப் பாதையின் முனையில் இருப்பவர் வண்டி மாறாமல் தலைநகரம் போகலாம் என்பது பெரிய ஈர்ப்பு.

அதே 2023 ஏப்ரல் 8-ல் திறக்கப்பட்ட திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி பாதை இன்னும் கஷ்டமான வகை. 37 கி.மீ., செலவு 294 கோடி ரூபாய். 1930-ல் ராஜாஜி உப்புச் சத்தியாகிரகம் நடத்திய வேதாரண்யம் கரை, இன்றும் உப்பளங்களின் ஊர். பாதை கடலோரத்தில் முட்டி நின்றுவிடுகிறது. உள்ளூர்ப் பயணிகளை மட்டும் நம்பி இது லாபம் பார்ப்பது நடக்காத காரியம். உப்பு ஏறினால்தான் இந்தப் பாதைக்கு உயிர்.

டிக்கெட் காசில் ரயில் ஓடுமா?

நேரடியாகச் சொன்னால், ஓடாது. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். 10 ரூபாய் டிக்கெட்டில் 500 பேர் ஏறினால் கிடைப்பது 5,000 ரூபாய். அதுவும் எல்லோரும் ஒருவழி டிக்கெட் எடுத்தால்தான். மாத சீசன் டிக்கெட்டின் விலை தோராயமாக 15 ஒருவழிப் பயணத்துக்கான கட்டணம். மாதம் 50 தடவை போய் வருபவருக்கு ஒரு பயணம் 3 ரூபாய் சொச்சத்தில் முடிகிறது. அப்படிப் பார்த்தால் நிரம்பி வழியும் ரயிலும் நஷ்டத்தில்தான் ஓடுகிறது.

இது ரகசியமும் இல்லை. பயணிகளின் பயணத்துக்கு 100 ரூபாய் செலவானால் 54 ரூபாய்தான் வாங்குகிறோம், 2022-23-ல் இப்படிக் கொடுத்த மானியம் 56,993 கோடி ரூபாய் என்று ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறார். இந்தப் பள்ளத்தை நிரப்புவது சரக்கு. 2023-24-ல் சரக்கு மூலம் வந்தது சுமார் 1.68 லட்சம் கோடி, பயணிகள் மூலம் வந்தது சுமார் 70 ஆயிரம் கோடி.

அப்போ கட்டணத்தை ஏற்றினால் என்ன? அதுவும் செய்து பார்த்தாச்சு. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் ரயில்களை 'சிறப்பு எக்ஸ்பிரஸ்' என்று பெயர் மாற்றி, குறைந்தபட்சக் கட்டணத்தை 10-லிருந்து 30 ரூபாய் ஆக்கினார்கள். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று போகும் வண்டிக்கு எக்ஸ்பிரஸ் கட்டணம். 2024 பிப்ரவரியில்தான் பழைய 10 ரூபாய் திரும்பியது. பக்கத்து ஊருக்குப் போக 30 ரூபாய் என்றால், கூலி வேலைக்குப் போகிறவர் அந்த ரயிலைத் தொடவே மாட்டார்.

இன்னொரு விஷயம் இங்கே முக்கியம். ரயில்வே செலவில் பெரும்பகுதி ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகக்கூடியது. தண்டவாளப் பராமரிப்பு, சிக்னல், கேட், ஸ்டேஷன் ஊழியர் எல்லாம் இதில் சேரும். எளாவூரில் நிற்கும் புறநகர் ரயிலை நிறுத்தினால் இந்தச் செலவு மிச்சமாகாது, ஏனென்றால் எக்ஸ்பிரஸுக்கும் சரக்குக்கும் அந்தத் தண்டவாளம் எப்படியும் வேணும். அகஸ்தியம்பள்ளியில் கதை வேறு: அங்கே மொத்தச் செலவும் ஓடும் சில ரயில்களின் தலையில் விழுகிறது. 'நஷ்டப் பாதை' என்று ரெண்டையும் ஒரே பட்டியலில் எழுதுவது தப்பான கணக்கு.

சரக்கு கைகொடுக்குமா?

தொழிற்பேட்டைப் பகுதிக்கு இதுதான் பெரிய வாய்ப்பு. ஆனால் ரயில்வேயின் சரக்கு முறை பெரிய வாடிக்கையாளருக்கானது. நிலக்கரி ரேக் ஒன்றில் 58 வேகன்கள், ஏறத்தாழ 4,000 டன். அனல்மின் நிலையத்துக்கு அது சரி. மாதம் சில நூறு டன் கம்பி அனுப்பும் ஆலைக்கு முழு ரேக் எதற்கு? அது லாரியைக் கூப்பிடும். ஜி.என்.டி. சாலையில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளே சாட்சி.

பல ஆலைகள் சேர்ந்து பயன்படுத்தும் பொதுச் சரக்கு முனையம் இருந்தால் நிலைமை மாறலாம். 2021 டிசம்பரில் வந்த கதிசக்தி சரக்கு முனையத் திட்டம், தனியாரும் இப்படி முனையம் அமைக்க வழிசெய்கிறது. இந்த மாவட்டத்துக்காகப் போடப்பட்ட புதிய பாதைத் திட்டங்களும் சரக்கை மனதில் வைத்தவைதான். அத்திப்பட்டு – புத்தூர் பாதை, சுமார் 88 கி.மீ., 2008-09-ல் சேர்க்கப்பட்டது. ஆவடி – ஸ்ரீபெரும்புதூர் – கூடுவாஞ்சேரி பாதை, சுமார் 60 கி.மீ., 2013-14-ல். பத்து வருஷம் தாண்டியும் இரண்டிலும் ரயில் ஓடவில்லை.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்?

பிரிட்டன் மூடிப் பார்த்தது. 1963-ல் ரிச்சர்ட் பீச்சிங் கொடுத்த அறிக்கை, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச் சொன்னது. பெரும்பாலானவை மூடவும்பட்டன. எதிர்பார்த்த அளவு நஷ்டம் குறையவில்லை, ஏனென்றால் கிளைப் பாதை போனதும் அதிலிருந்து மெயின் லைனுக்கு வந்த பயணியும் காருக்கு மாறிவிட்டார். 1969-ல் மூடிய எடின்பரோ தெற்குப் பாதையின் ஒரு பகுதியை, 2015-ல் புதிதாகப் பணம் போட்டுத் திரும்பக் கட்டினார்கள்.

ஜெர்மனி வேறு வழியில் போனது. 1996 முதல் உள்ளூர் ரயில் சேவை மாநிலங்களின் பொறுப்பு. மத்திய அரசு மாநிலத்துக்குப் பணம் தரும். எந்தப் பாதையில் எத்தனை ரயில் வேண்டும் என்று மாநிலம் முடிவெடுத்து, ஓட்டுபவரிடம் ஒப்பந்தம் போடும். ரயில் காலியாக ஓடினால் யாரைக் கேட்பது என்பது அங்கே தெளிவு.

நம்ம ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ரயில் மத்திய அரசின் கையில், பஸ் மாநில அரசின் கையில், சிப்காட் இன்னொரு துறையில். எளாவூர் ஸ்டேஷன் வாசலில் பஸ் இல்லை என்றால் மூன்று பேரும் கை காட்டிக்கொள்ளலாம்.

அப்போ என்னதான் செய்யலாம்?

முதலில், ஷிஃப்ட்டுக்கு ஏற்ற டைம் டேபிள். ரயில் எண்ணிக்கையைக் கூட்ட முடியாவிட்டாலும், இருக்கும் ரயில்கள் 6, 2, 10 மணி ஷிஃப்ட்டுக்கு முன்னும் பின்னும் வருகிற மாதிரி நகர்த்த முடியுமா என்று பார்க்கலாம். செலவு குறைந்த வழி இது.

இரண்டாவது, சின்ன ரயில். 12 பெட்டி மின்சார ரயிலை சென்ட்ரலிலிருந்து சூலூர்பேட்டை வரை இழுப்பதற்குப் பதில், 8 பெட்டி மெமு ரயிலைக் கும்மிடிப்பூண்டி – சூலூர்பேட்டை இடையே அடிக்கடி ஓட்டலாம். கும்மிடிப்பூண்டியில் இணைப்பு ரயில் காத்திருக்க வேண்டும், அது முக்கியம்.

மூன்றாவது, கடைசி மைல். ஸ்டேஷனிலிருந்து சிப்காட் வாசல் வரை ரயில் நேரத்துக்கு மினி பஸ். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. டிக்கெட்டை இணைத்த மாதிரி நேரத்தையும் இணைத்தால்தான் முழுப் பலன்.

நான்காவது, செலவில் பங்கு. பறக்கும் ரயில் கட்டியபோது மாநில அரசும் பணம் போட்டது. அதே மாதிரி, கூடுதல் ரயில் கேட்கும் இடத்தில் மாநிலமோ, தொழிற்பேட்டையோ, கம்பெனி பஸ்ஸுக்குச் செலவழிக்கும் நிறுவனங்களோ ஒரு பகுதியை ஏற்கலாம். புறநகர் சேவையை மாநிலங்களோடு கூட்டாக நடத்தலாம் என்று விவேக் தேப்ராய் குழு 2015-லேயே சொல்லியிருக்கிறது. இதில் ஒரு ஆபத்தும் உண்டு: பணம் இருக்கும் தொழிற்பேட்டைக்கு ரயில் கிடைக்கும், பணமில்லாத கிராமத்துக்குக் கிடைக்காது. அதனால் குறைந்தபட்ச சேவை எல்லோருக்கும் என்ற விதி முன்கூட்டியே இருக்கணும்.

ஐந்தாவது, மூடுவதற்கு முன் ஒரு நியாயமான சோதனை. சரியான நேரம், போதிய ரயில்கள், ஸ்டேஷன் வரை பஸ் மூன்றையும் கொடுத்து, குறைந்தது மூன்று வருஷம் ஓட்டி, எண்ணிக்கையை வெளியிட வேண்டும். அப்படியும் ஆள் வரவில்லையா? அப்போது அந்தப் பாதைக்கு நல்ல பஸ் விடுவதில் தப்பே இல்லை. ஆவடியில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கும் அந்த ரயில் பெட்டிகள் தேவைதானே. எல்லாக் காலி ரயிலையும் காப்பாற்றியே ஆகணும் என்று இல்லை, காலியான காரணம் தெரியாமல் நிறுத்தக் கூடாது என்பதுதான் விஷயம்.

கவனிக்க வேண்டியது

அத்திப்பட்டு – கும்மிடிப்பூண்டி இடையே 3-வது, 4-வது பாதைக்கு 2025-ல் ரயில்வே ஒப்புதல் கொடுத்திருக்கிறது. இந்தப் பகுதிக்கு நீண்டகால எதிர்பார்ப்பு இது. பாதை வந்ததும் துறைமுகச் சரக்கு வரிசையில் நிற்கும், எக்ஸ்பிரஸ்களும் நிற்கும். ரெண்டுமே ரயில்வேக்கு வருமானம். புறநகர் ரயிலில் வருமானம் கிடையாது, அதைக் கேட்டு வாங்க ஆள் வேணும்.

புதுப் பாதையில் புறநகர் ரயிலுக்கு எத்தனை இடம், இரவு 10 மணி ஷிஃப்ட் முடிந்து வருபவருக்கு ஒரு ரயில் உண்டா, கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எப்போது? இதையெல்லாம் தண்டவாளம் போட்ட பிறகு கேட்டால் லேட். மாநில அரசும், இந்தத் தொகுதிகளின் பிரதிநிதிகளும், ஆலை நிர்வாகங்களும் பேச வேண்டிய நேரம் இப்போதுதான்.